கான்கிரீட்டில் கிராஃபீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராஃபீன் கலந்த கான்கிரீட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கிறார்கள். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை பார்க்கும் தம்பிகள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூரை சிமெண்ட் பெயர்ந்து விழுவதைப் பார்த்துக் கவலைப்படும் குடும்பத்தார் எல்லாரும் அதில் உண்டு. சிங்கப்பூரில் கான்கிரீட் கலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கிராஃபீன் என்றால் என்ன?

கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகக் கோத்து நிற்கும் ஒற்றை அணு கனமுள்ள தாள். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் இப்படிப்பட்ட தாள்களின் அடுக்குதான். ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.34 நானோமீட்டர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 2010-ல் இருவருக்கும் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. நோவோசெலோவ் 2019 முதல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சிமெண்டில் போடுவது அதே கிராஃபீன்தானா?

பெரும்பாலும் இல்லை. ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது கிராஃபீன் ஆக்சைடு. கிராஃபைட்டை அமிலம் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்து பிரித்தெடுப்பார்கள். தாளின் மேலும் ஓரங்களிலும் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் ஒட்டியிருப்பதால் அது தண்ணீரில் நன்றாகப் பரவும். தூய கிராஃபீனுக்குத் தண்ணீர் ஆகாது, ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து வருவது கிராஃபீன் நானோதகடு. பல தாள்கள் சேர்ந்த மெல்லிய அடுக்கு இது, விலையும் குறைவு. கிராஃபீன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை ஓரளவு நீக்கிய வகையும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும்.

எஃகைவிட 200 மடங்கு வலிமை என்கிறார்கள். கான்கிரீட்டும் அப்படி ஆகிவிடுமா?

ஆகாது. அந்த 200 மடங்கு, குறையே இல்லாத ஒற்றைத் தாளை மிக நுண்ணிய ஊசி முனையால் அழுத்தி 2008-ல் அளந்த வலிமையிலிருந்து வந்தது. அப்போது கிடைத்த அளவு சுமார் 130 கிகாபாஸ்கல். கான்கிரீட்டுக்குள் போகும் துண்டு சில மைக்ரோமீட்டர் அகலம்தான் இருக்கும். விரிசல் அதை இழுத்தால் தாள் கிழிவதற்கு முன்பே சிமெண்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். தாளின் சொந்த வலிமையில் மிகச் சிறிய பங்குதான் கான்கிரீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

பிறகு வலிமை எப்படிக் கூடுகிறது?

சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்தால் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை உருவாகும். மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடித்திருப்பது இதுதான். கிராஃபீன் ஆக்சைடின் ஆக்சிஜன் தொகுதிகள் கால்சியம் அயனிகளை இழுத்து வைத்துக்கொள்வதால் அந்தப் பசை வளர ஆயிரமாயிரம் புது இடங்கள் கிடைக்கின்றன. ஆகவே வினை சீக்கிரம் தொடங்குகிறது, பசை நெருக்கமாக வளர்கிறது, பெரிய துளைகள் குறைந்து நுண்துளைகளாகின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தாளில் மோதித் திசை மாறவும் வேண்டியிருக்கிறது.

இதில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. கிராஃபீன் ஆக்சைடு போட்டால் சிமெண்டில் பூ வடிவப் படிகங்கள் வளர்கின்றன என்று முதலில் வந்த சில கட்டுரைகள் படம் போட்டுக் காட்டின. பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. படம் அழகாக இருப்பதால் இணையத்தில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எவ்வளவு போட வேண்டும்?

சிமெண்டின் எடையில் 0.01 முதல் 0.1 விழுக்காடு வரை. நடுவில் 0.03 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டரில் 350 கிலோ சிமெண்ட் இருந்தால் கணக்கு 105 கிராம், ஒரு கைப்பிடி. ஆனால் ஒற்றைத் தாளாக முழுமையாகப் பிரிந்த கிராஃபீன் ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. அந்த 105 கிராம் அப்படிப் பிரிந்தால் 27 ஹெக்டருக்கு மேல் பரப்பு வரும். நடைமுறையில் யாருக்கும் அவ்வளவு முழுமையாகப் பிரியாது. எவ்வளவு பிரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்ற எண்ணம் வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் போனால் வலிமை திரும்ப இறங்கும்.

தூளாக வாங்கி மிக்சரில் கொட்டினால் போதாதா?

இந்தத் துறையில் தோற்றுப்போன முயற்சிகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தோற்றது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிராஃபீன் ஆக்சைடு வெறும் தண்ணீரில் எவ்வளவு சமர்த்தாகப் பரவுமோ அவ்வளவு மோசமாக சிமெண்ட் நீரில் நடந்துகொள்ளும். சிமெண்ட் நனைந்ததும் அதன் நீரில் கால்சியம் நிறைகிறது, பிஹெச் 12.5-க்கு மேல் போகிறது. கால்சியம் அயனி ஒவ்வொன்றும் இரண்டு தாள்களை ஓரத்தில் பிடித்து ஒட்டவைத்துவிடும். ரவையைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டுவதைப் போலத்தான். கட்டியானது வலிமையைக் கூட்டாது. கான்கிரீட்டுக்குள் அதுவே பலவீனமான இடமாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க பெரிய கருவி வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்து, கிராஃபீன் ஆக்சைடு கரைசலைச் சில சொட்டு விடுங்கள். பழுப்பு நிறமாகச் சீராகப் பரவ வேண்டியது, சில நிமிடங்களில் கருமையான துணுக்குகளாகத் திரண்டு அடியில் இறங்கும், மேலே நீர் தெளிந்துவிடும். இன்னொரு குவளையில், கரைசலோடு முதலிலேயே பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர்பிளாஸ்டிசைசரை (தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் திரவம்) கலந்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். நிறம் நிற்கும். அந்த வேதிப்பொருளின் நீண்ட கிளைகள் தாள்களைச் சுற்றி நின்று ஒன்றையொன்று நெருங்க விடாமல் தடுக்கின்றன.

ஆகவே வரிசை முக்கியம். கரைசலை முதலில் சூப்பர்பிளாஸ்டிசைசரோடு கலந்து, தேவைப்பட்டால் மீயொலிக் கருவியில் வைத்துப் பிரித்து, கலவைத் தண்ணீரோடு சேர்த்து, அதன் பிறகுதான் சிமெண்டைக் காட்ட வேண்டும். ஆய்வகத்தில் அரை லிட்டர் நீரை மீயொலியில் வைப்பது எளிது. ஒரு ரெடிமிக்ஸ் லாரிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பரவல் கெடாத, மாதக்கணக்கில் அடியில் படியாத அடர்கரைசலைத் தொழிற்சாலையிலேயே செய்து பீப்பாயில் அனுப்பினால்தான் நம் ஊர் பேட்சிங் (கலவை தயாரிக்கும்) ஆலைகளில், கலவையில் சேர்க்கும் மற்ற வேதித் திரவங்களான அட்மிக்சர்களைப் போல இதையும் பம்ப் செய்ய முடியும்.

வலிமை எத்தனை விழுக்காடு கூடும்?

பெரும்பாலான ஆய்வகங்கள் அமுக்க வலிமையில் 10 முதல் 40 விழுக்காடு வரை உயர்வைச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2015-ல் 0.05 விழுக்காடு கிராஃபீன் ஆக்சைடு சேர்த்து அமுக்க வலிமையில் 15 முதல் 33 விழுக்காடும் வளைவு வலிமையில் 41 முதல் 59 விழுக்காடும் உயர்வு கண்டது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2018-ல் கிராஃபீன் பரவிய நீரைக் கலந்து 146 விழுக்காடு உயர்வு என்று அறிவித்தது. வாட்ஸ்அப்பில் வருவது இந்த எண்தான். அதை வைத்து யாரும் கட்டடம் வடிவமைக்கக் கூடாது.

எந்த அறிக்கையைப் படித்தாலும் ஒப்பீட்டுக் கலவையை முதலில் பாருங்கள். அதிலும் அதே சூப்பர்பிளாஸ்டிசைசர் அதே அளவில் இருந்ததா? தண்ணீர் அளவு ஒன்றா? கிராஃபீன் கலவையில் மட்டும் சூப்பர்பிளாஸ்டிசைசர் இருந்திருந்தால், வந்த உயர்வில் ஒரு பங்கு அந்த மலிவான திரவத்தின் உழைப்பு. ஒப்பீட்டுக் கலவையே மட்டமானதாக இருந்தால் எதைப் போட்டாலும் வலிமை ஏறும். நன்றாக வடிவமைத்த 50, 60 மெகாபாஸ்கல் கலவையில் 10 விழுக்காடு ஏற்றுவது எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

கம்பி வேண்டாமா?

வேண்டும். விரிசலின் அகலம் மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிட்டால் மைக்ரோமீட்டர் தாள் அதைப் பிடித்து நிறுத்தாது. உத்திரத்திலும் தூணிலும் கம்பியைக் குறைக்கச் சொல்லி யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு இதனால் என்ன பயன்?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. பதில் வலிமையில் இல்லை.

நம் ஊரில் கான்கிரீட்டுக்குள் போகும் எதுவும் நம் மண்ணில் விளைவதில்லை. புலாவ் உபின் தீவின் கடைசிக் கருங்கல் சுரங்கம் 1999-ல் மூடப்பட்டது. 2007-ல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது கட்டுமானத் துறை எப்படித் திணறியது என்பது அப்போது தளத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சிமெண்டும் கப்பலில்தான் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் கட்டிகளை எடுக்கும் சூளை இங்கே இல்லை. சூளை எங்கே இருந்தாலும் ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 0.8 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளிவிடுவது. ஆக, ஒவ்வொரு கிலோ சிமெண்டைக் குறைப்பதும் நமக்கு இரட்டை லாபம்.

சிமெண்டைக் குறைக்க இன்று கைவசம் இருக்கும் வழி, இரும்பு ஆலைக் கசடை அரைத்துச் சேர்ப்பது. சிங்கப்பூரில் அது பழகிப்போன பொருள். சிமெண்டில் பாதிக்கு மேல்கூட அதைப் போடலாம். கரியமில வாயுவை மிச்சப்படுத்துவதில் இன்றைக்குக் கிராஃபீன் அதன் கிட்டே வராது. ஆனால் கசடுக் கலவைக்கு ஒரு குறை உண்டு. முதல் சில நாள்களில் வலிமை மெதுவாகத்தான் ஏறும். வீவக வீடுகளுக்குச் சுவரும் தளமும் வார்க்கும் முன்தயாரிப்பு ஆலையில் மறுநாள் காலை அச்சைக் கழற்றியாக வேண்டும். அங்கே ஒரு நாள் தாமதம் என்றால் வரிசை முழுவதும் நிற்கும். கிராஃபீன் ஆக்சைடு வினையை முன்னதாகத் தூண்டிவிடுவதால் அந்த முதல் நாள் வலிமையை மீட்டுத் தரும் வாய்ப்பு இருக்கிறது. கசடும் கிராஃபீனும் சேர்ந்த கலவைதான் நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது பயன் ஆயுள். துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு மட்டும் 221 கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், ஏறக்குறைய பத்து மாடி. அவை உப்புநீரிலேயே காலம் தள்ள வேண்டும். குளோரைடு நுண்துளை வழியாக ஊர்ந்து கம்பியைத் தொட்ட நாளில் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமனாவதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். துளைகளை நுண்ணியதாக்கி, குளோரைடின் பாதையை நீட்டினால் பழுது பல ஆண்டு தள்ளிப்போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. குளோரைடு ஊடுருவலை அளக்க 60 வோல்ட் மின்னழுத்தத்தில் 6 மணி நேரம் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் விரைவுச் சோதனையை எல்லாரும் செய்கிறார்கள். மின்சாரம் கடத்தும் நானோதகடு கலந்த கான்கிரீட்டில் அந்தக் கணக்கு தவறான படத்தைக் காட்டக்கூடும். குளோரைடு எவ்வளவு ஆழம் போனது என்று நேரடியாக அளக்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

நம் வெயிலில் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) நிற்குமா?

கவனம் தேவை. தாள்கள் தண்ணீரைத் தங்கள் பரப்பில் இழுத்துக்கொள்வதால் கலவை இறுகும். மத்தியான வெயிலில், விரைவுச்சாலை நெரிசலில் நின்ற லாரி தளத்துக்கு வரும்போது ஸ்லம்ப் இன்னும் இறங்கியிருக்கும். சூப்பர்பிளாஸ்டிசைசர் அளவையும், இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரையும் ஆலையிலேயே சரிசெய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் தளத்தில் டிரம்முக்குள் தண்ணீர் விடாதீர்கள். கிராஃபீன் தந்த லாபம் அந்த ஒரு குழாயில் போய்விடும்.

கியூரிங்கும் (வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதும்) வழக்கம்போலத்தான். இதைப் போட்டதால் ஈரச்சாக்கு வேண்டாம் என்று ஆகாது.

விலை கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிராஃபீனால் சிமெண்டில் 10 விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 350 கிலோவில் 35 கிலோ மிச்சம். சிமெண்ட் டன் 120 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால் மிச்சமாவது 4 வெள்ளி 20 காசு. கரைசலாக்கும் செலவும் சேர்த்து அந்த 105 கிராம் இதற்குள் அடங்க வேண்டும். அதாவது கிலோ 40 வெள்ளிக்குள். ஆய்வகத் தரக் கிராஃபீன் ஆக்சைடு அந்த விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதைச் செய்யக் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் நிறையப் போகின்றன, கழிவையும் சுத்திகரிக்க வேண்டும். அதனால் சுற்றுச்சூழல் கணக்கிலும் அதன் சொந்தச் சுமையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

விலை இறங்கும் என்ற நம்பிக்கை தருவது வேறொரு வழி. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2020-ல் வெளியிட்ட முறை அது. கார்பன் உள்ள எந்தக் கழிவிலும் மின்சாரத்தை நொடிப்பொழுதில் பாய்ச்சி 3,000 கெல்வின் அளவுக்குச் சூடாக்கினால் கிராஃபீனாக மாறுகிறது, அமிலம் தேவையில்லை. அடுத்த ஆண்டே பழைய டயரிலிருந்து இப்படிச் செய்த கிராஃபீனைக் கான்கிரீட்டில் கலந்து சுமார் 30 விழுக்காடு வலிமை உயர்வைக் காட்டினார்கள்.

கடலோரக் கட்டுமானத்தில் கணக்கே வேறு. பழுதுபார்க்கக் கப்பலையும் முக்குளிப்பாளர்களையும் அழைக்கும் செலவோடு ஒப்பிட்டால் கன மீட்டருக்குப் பத்து வெள்ளி கூடுதல் பெரிதல்ல.

‘கிராஃபீன்’ என்று எழுதி விற்பதை நம்பலாமா?

சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீனை வாங்கிச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான மாதிரிகளில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை. ஒரு மாதிரியும் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் நைசாக அரைத்த கிராஃபைட். பத்து தாளுக்கு மேல் அடுக்கு இருந்தால் அதைக் கிராஃபீன் என்று கணக்கில் எடுக்கவில்லை.

ஒரே அளவு கிராஃபீனுக்கு ஒரு ஆய்வகத்தில் 30 விழுக்காடும் இன்னொன்றில் 3 விழுக்காடும் வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். விற்பவரிடம் தாளின் அகலம், அடுக்குகளின் எண்ணிக்கை, ஆக்சிஜன் விகிதம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி அவை மாறாமல் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

எங்கேயாவது உண்மையாகவே கட்டியிருக்கிறார்களா?

ஆம். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து 2021 மே மாதம் இங்கிலாந்தின் எய்ம்ஸ்பரி நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் தரைத்தளத்தை இப்படி வார்த்தது. சுமார் 30 விழுக்காடு பொருள் மிச்சம் என்று செய்தவர்கள் தெரிவித்தார்கள். தரைத்தளத்தில் தொடங்கியது சரியான முடிவு, ஏனென்றால் அங்கே தவறு நேர்ந்தாலும் தலையில் விழாது.

சிங்கப்பூரில் கட்டடத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

கட்டமைப்புப் பாகம் என்றால் தொழில்முறைப் பொறியாளர் பொறுப்பேற்று, கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதலோடுதான் செய்ய முடியும். கட்டமைப்பில் சேராத நடைபாதை, கற்பலகை போன்றவற்றில் முதலில் பழகிப் பார்ப்பதே நல்லது.

என் வீவக வீட்டுக் குளியலறைக் கூரையில் சிமெண்ட் பெயர்கிறது. கிராஃபீன் பூச்சு பூசலாமா?

வேண்டாம். அங்கே நடப்பது இது: காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிட்டது. குளியலறை ஈரமும் சேர, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. துருவை அப்படியே விட்டு மேலே எதைப் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும். பெயர்ந்த பகுதியைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். பெரிய பரப்பு என்றால் வீவக கிளை அலுவலகத்தில் சொல்லுங்கள். வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வரும் பழைய புளோக்குகளில் இந்தப் பழுதுபார்ப்பும் அடங்கும்.

கலக்கும் தொழிலாளருக்கு உடல்நலக் கேடு உண்டா?

உலர்ந்த நானோத் தூளை யாரும் மூச்சில் இழுக்கக் கூடாது. கரைசலாக வருவதை மட்டும் வாங்குங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கிராஃபீன் ஆக்சைடை மனிதர்கள் கட்டுப்பாட்டோடு சுவாசித்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளிவந்தது. 14 தொண்டூழியர்களிடம் உடனடிப் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. குறுகிய நேர ஆய்வு அது. ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதற்கு அதை உத்தரவாதமாக எடுக்கக் கூடாது. இறுகிய கான்கிரீட்டை வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் சிலிகாத் தூசு நுரையீரலைக் கெடுப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. கிராஃபீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் விட்டு வெட்டுங்கள், சரியான முகக்கவசம் கேட்டு வாங்கி அணியுங்கள்.

கல்லூரித் திட்டப்பணிக்கு இதை எடுக்கலாமா?

தாராளமாக. கான்கிரீட் வேண்டாம், சாந்தில் தொடங்குங்கள். 40 × 40 × 160 மில்லிமீட்டர் பட்டைகள் மூன்று வார்க்க 450 கிராம் சிமெண்ட், 1,350 கிராம் தரமணல், 225 கிராம் தண்ணீர். அதில் 0.03 விழுக்காடு என்றால் கிராஃபீன் ஆக்சைடு 0.135 கிராம்தான். ஒரு மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள கரைசலை வாங்கினால் சுமார் 34 மில்லிலிட்டர் வேண்டும். அந்த 34-ஐ 225-லிருந்து கழித்து 191 மட்டும் தனித் தண்ணீராக ஊற்றுங்கள். கழிக்க மறந்தால் தண்ணீர் கூடி வலிமை இறங்கிவிடும்.

நான்கு வகைக் கலவை செய்யுங்கள்: வெறும் சாந்து, சூப்பர்பிளாஸ்டிசைசர் மட்டும் சேர்த்தது, கிராஃபீன் ஆக்சைடு மட்டும் சேர்த்தது, இரண்டும் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் 1, 7, 28 நாள்களில் மும்மூன்று பட்டைகளை உடையுங்கள். இரண்டாவது கலவையை மட்டும் நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நான்காவதில் வந்த உயர்வு யாருடையது என்று நீங்கள் சொல்ல முடியாது.